வீட்டு ஒலிக்கருவிகளின் மின்னெழுச்சிக் காப்பு: ஏரியல் சுவிட்சு முதல் ஸ்பைக் கார்டு வரை

மின்னெழுச்சிக் காப்பு என்பது, மின்சாரக் கம்பியிலோ ஏரியல், கேபிள் போன்ற பிற கம்பிகளிலோ திடீரெனத் தோன்றி நொடிப்பொழுதுக்குள் மறையும் உயர் மின்னழுத்தத்திலிருந்து கருவிகளைக் காக்கும் ஏற்பாடு ஆகும். பேச்சு வழக்கில் 'சர்ஜ்' என்றும் 'ஸ்பைக்' என்றும் சொல்லப்படுவது இந்த எழுச்சியே. வால்வு ரேடியோ, டேப் ரெக்கார்டர், ஆம்ப்ளிஃபயர், ஹோம் தியேட்டர் என வீட்டு ஒலிக்கருவிகள் மாறிவந்தது போலவே அவற்றைக் காக்கும் முறைகளும் மாறிவந்துள்ளன. அந்த மாற்றத்தைத் தமிழ்நாட்டு வீடுகளை முன்னிறுத்தியும், இன்று ஒரு காப்பானைத் தேர்ந்தெடுப்பவருக்கு அந்த வரலாறு என்ன சொல்கிறது என்றும் இக்கட்டுரை விளக்குகிறது.

இந்த வரலாற்றில் ஒரு முரண் உள்ளது. 1940களில் ஒரு ரேடியோப் பெட்டியைக் காத்தவை பீங்கான் அடிப்பகுதி கொண்ட ஒரு சுவிட்சும் மண்ணில் புதைத்த ஒரு குழாயும் மட்டுமே. இன்று மிகத் திறமையான காப்புப் பொருட்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் அவை வேலை செய்யத் தேவையான எர்த் கம்பி பல வீடுகளில் பெயரளவில்தான் இருக்கிறது.

மின்னெழுச்சியின் இயல்பு

இந்திய வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அளவு 230 வோல்ட். இது மாறுமின்னோட்டத்தின் பயனுறு மதிப்பு; அலையின் உச்சியில் மின்னழுத்தம் சுமார் 325 வோல்ட் வரை செல்லும். கருவிகள் இதற்கேற்பவே அமைக்கப்படுகின்றன. இந்த அளவு பிறழ்வதில் மூன்று வகைகள் உண்டு.

முதல் வகை, மின்னழுத்த ஏற்ற இறக்கம். மாலை நேரத்தில் 180 வோல்ட்டாகக் குறைவதும் பின்னிரவில் 250 வோல்ட்டைத் தாண்டுவதும் இதில் அடங்கும். இது மணிக்கணக்கில் நீடிக்கலாம்.

இரண்டாம் வகை, நியூட்ரல் துண்டிப்பு. மும்முனை மின்வழங்கலில் நியூட்ரல் கம்பி அறுந்தால், வெவ்வேறு முனைகளில் இணைந்த வீடுகள் ஒன்றோடொன்று தொடரிணைப்பில் அமைந்துவிடும். குறைந்த பளு உள்ள வீட்டிற்கு 400 வோல்ட்டை நெருங்கும் அளவு கூட வரலாம். யாராவது மெயினை அணைக்கும் வரை அது நீடிக்கும்.

மூன்றாம் வகையே மின்னெழுச்சி. இதன் அளவு ஆயிரக்கணக்கான வோல்ட். காலம் மைக்ரோ நொடிகள். ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு மைக்ரோ நொடி. மின்னல் கம்பியில் நேரடியாக விழும்போது மட்டுமன்றி, சற்றுத் தொலைவில் விழும்போதும் தூண்டல் மூலம் கம்பிகளில் எழுச்சி தோன்றும். மோட்டார் பம்ப், குளிர்பதனப் பெட்டி போன்றவை நின்று ஓடும்போதும், மின்வெட்டுக்குப் பின் மின்சாரம் திரும்பும்போதும் சிறிய எழுச்சிகள் உண்டாகும்.

மூன்று நோய்களுக்கும் மூன்று மருந்துகள். ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்ததே, பின்னர் காணப்போவது போல, நம் வீடுகளில் நடந்த பெரும் பிழை.

தந்திக் கம்பி தந்த பாடம்

பெஞ்சமின் பிராங்க்ளின் 1750களில் இடிதாங்கியை உருவாக்கினார். அது கட்டடத்தைக் காக்கும் கருவி. கம்பியின் முனையில் இணைந்த கருவியைக் காக்கும் தேவை 1840களில் மின்தந்தி பரவியபோதுதான் எழுந்தது. பல கிலோமீட்டர் நீண்ட தந்திக் கம்பிகள் மின்னலின் விளைவை அலுவலக மேசை வரை கொண்டுவந்தன. கருவியின் சுருள்கள் கருகின, பணியாளர்கள் தாக்குண்டனர்.

இதற்குக் கண்ட தீர்வு பொறி இடைவெளி ஆகும். தந்திக் கம்பியில் இணைந்த ஓர் உலோகத் தகடும், மண்ணில் இணைந்த மற்றொரு தகடும் மிகச் சிறிய இடைவெளியுடன் எதிரெதிரே வைக்கப்பட்டன. தந்திக்கான குறைந்த மின்னழுத்தம் அந்த இடைவெளியைத் தாண்டாது. மின்னல் எழுச்சி வந்தால் காற்று மின்கடத்தியாகிப் பொறி பறக்கும். எழுச்சியின் பெரும்பகுதி கருவிக்குள் செல்லாமல் மண்ணுக்குச் செல்லும்.

பிற்காலத்தில் வந்த காப்பான்களில் பெரும்பாலானவை இதே கருத்தின் வளர்ச்சியே. வழக்கமான மின்னழுத்தத்தில் மூடியிருந்து, எழுச்சி வரும்போது மட்டும் திறக்கும் ஒரு பக்கவழியை அவை தருகின்றன. வாய்க்காலில் வெள்ளம் வந்தால் திறக்கும் வடிமதகு போன்றது இது. மதகு இருந்தால் போதாது, வெள்ளம் சென்று சேர ஓர் இடமும் வேண்டும். அந்த இடமே எர்த்.

வால்வு ரேடியோவும் ஏரியல் சுவிட்சும்

சென்னையில் 1924 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், தமிழகத்தின் வானொலி ஒலிபரப்புக்கு முன்னோடி. பொருள் நெருக்கடியால் அது 1927 இல் நின்றது. 1930 முதல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடர்ந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கின. 1930களில் பைக்காரா, மேட்டூர் நீர்மின் நிலையங்களின் மின்சாரம் ஊர்களுக்குப் பரவத் தொடங்கியதும் வசதி படைத்த வீடுகளில் மின்சார ரேடியோ இடம்பெற்றது. ரேடியோ வைத்திருக்க அஞ்சலகத்தில் உரிமம் பெற வேண்டியிருந்த காலம் அது.

அன்றைய ரேடியோவின் பின்புறத்தில் இரண்டு முனைகள் இருக்கும். ஒன்று ஏரியலுக்கு, மற்றொன்று எர்த்துக்கு. தொலைதூர நிலையங்களைக் கேட்க மொட்டை மாடியிலோ ஓட்டுக் கூரைக்கு மேலோ இரு கம்பங்களுக்கிடையே நீண்ட செப்புக் கம்பி கட்டப்பட்டது. பூங்காக்களில் ஊரார் கூடிக் கேட்ட ஊராட்சி ரேடியோவுக்கும் இப்படியே உயர்ந்த கம்பங்கள் இருந்தன. எர்த் என்பது ஒலி தெளிவாகக் கேட்பதற்கும் தேவைப்பட்டது. எனவே வீட்டின் ஓரத்தில் குழி தோண்டி, இரும்புக் குழாயையோ செப்புத் தகட்டையோ இறக்கி, அடுப்புக்கரியும் உப்பும் இட்டு மூடினர். கோடையில் அதில் நீர் ஊற்றுவது வீட்டுச் சிறுவர்களின் வேலையாக இருந்தது.

ஏரியல் என்பது மின்னலை வீட்டிற்குள் அழைக்கும் கம்பி என்பதை அன்றைய ரேடியோக் கையேடுகள் தெளிவாக எச்சரித்தன. அதற்கென இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. முதலாவது, தந்தி அலுவலகப் பொறி இடைவெளியின் சிறு வடிவமான மின்னல் தடுப்பான். இரண்டாவது, சன்னலருகே பொருத்தப்பட்ட இருவழிச் சுவிட்சு. பீங்கான் அடிப்பகுதியும் செப்புக் கத்தியும் கொண்ட அதன் கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் ஏரியல் ரேடியோவுடன் இணையும். மறுபக்கம் தள்ளினால் ரேடியோவிலிருந்து விடுபட்டு நேராக எர்த்துடன் இணையும். மழை இருட்டிக்கொண்டு வந்தால் ரேடியோவை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, சுவிட்சை எர்த் பக்கம் தள்ளிவிடுவது வழக்கம்.

இந்த வழக்கத்தில் இருந்த அறிவைக் கவனிக்க வேண்டும். வீட்டிற்குள் வரும் எல்லாக் கம்பிகளும் ஒரே நேரத்தில் கருவியை விட்டு விலக்கப்பட்டன. மிகவும் ஆபத்தான கம்பிக்கு மண்ணுக்குச் செல்லும் நேர்வழியும் தரப்பட்டது.

அக்காலத்து ரேடியோக்கள் எல்லாமே பாதுகாப்பானவை எனக் கொள்ளக் கூடாது. நேர்மின்சாரம், மாறுமின்சாரம் இரண்டிலும் இயங்கும் வகையில் மின்மாற்றி இல்லாமல் செய்யப்பட்ட ரேடியோக்களில், உள்ளிருக்கும் உலோகச் சட்டம் மின்கம்பியோடு நேரடியாக இணைந்திருக்கும். அவற்றின் எர்த் முனை ஒரு மின்தேக்கியின் வழியாகவே சட்டத்துடன் இணைக்கப்பட்டது. எழுச்சியைப் பொறுத்தவரை வால்வுக்கு ஓர் இயல்பான வலிமை இருந்தது. வெற்றிடக் குழாய்க்குள் ஒரு கணம் பொறி பறந்தாலும் பல நேரங்களில் அது மீண்டும் வேலை செய்யும். அடுத்து வந்த குறைகடத்திகளுக்கு அந்தப் பொறுமை இல்லை.

டிரான்சிஸ்டரும் மறைந்த எர்த்தும்

1960களில் டிரான்சிஸ்டர் ரேடியோ வீடுகளுக்கு வந்தது. உள்ளேயே ஃபெரைட் தண்டு ஏரியல், பேட்டரி மின்சாரம், தோளில் மாட்டிக்கொள்ளும் தோல் உறை. கூரைக் கம்பியும் எர்த் குழியும் தேவையற்றவை ஆயின. எந்தக் கம்பியோடும் இணையாத கருவிக்கு மின்னெழுச்சி பற்றிய கவலையும் இல்லை. ஆகவே இம்மாற்றம் அக்காலத்தில் முற்றிலும் நன்மையாகவே தெரிந்தது.

சிக்கல் அடுத்த கட்டத்தில் தொடங்கியது. 1970களிலும் 1980களிலும் டேப் ரெக்கார்டர், டூ இன் ஒன், ரெக்கார்ட் பிளேயர், ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஆகியவை மீண்டும் சுவர் மின்சாரத்தோடு இணைந்தன. இவற்றில் பல இரண்டு பின் பிளக்குடன் வந்தன. பிளக் திரும்பியது, எர்த் திரும்பவில்லை. 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பின் கூரைகளில் ஆண்டெனாக்கள் மீண்டும் முளைத்தன. இம்முறை பெரும்பாலான வீடுகளில் ஏரியல் சுவிட்சும் இல்லை, மண்ணுக்குச் செல்லும் கம்பியும் இல்லை. ஒரு தலைமுறை பழகிய வழக்கம் அடுத்த தலைமுறைக்குக் கைமாறாமல் போனது.

ஸ்டெபிலைசர் காலம்

அதே ஆண்டுகளில் மக்களை அன்றாடம் வாட்டியது குறை மின்னழுத்தம். தொலைக்காட்சிப் படம் சுருங்கியது. டேப் ரெக்கார்டர் பாட்டை இழுத்து இழுத்துப் பாடியது. இதற்குத் தீர்வாக வந்த ஸ்டெபிலைசர், குளிர்பதனப் பெட்டி முதல் ஸ்டீரியோ வரை எல்லாவற்றுக்கும் துணையானது.

ஸ்டெபிலைசரின் உள்ளே பல இணைப்பு முனைகள் கொண்ட ஒரு மின்மாற்றி இருக்கும். வரும் மின்னழுத்தத்தை அளந்து, ரிலே எனப்படும் மின்காந்தச் சுவிட்சுகள் தகுந்த முனையைத் தேர்ந்தெடுக்கும். 'டக்' என்று கேட்கும் ஒலி அந்த ரிலேயினுடையது. ஏற்ற இறக்கம் என்ற முதல் வகைக் கோளாறுக்கு இது நல்ல மருந்து.

ஆனால் ஒரு ரிலே இடம் மாறப் பல மில்லி நொடிகள் ஆகும். ஒரு மில்லி நொடி என்பது ஆயிரம் மைக்ரோ நொடிகள். ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்தும் மாதிரி எழுச்சி மின்னோட்டம் 8 மைக்ரோ நொடியில் உச்சத்தை அடைந்து 20 மைக்ரோ நொடியில் பாதியாகக் குறைந்துவிடும். ரிலே அசையத் தொடங்கும் முன்பே எழுச்சி வந்து, அழித்து, முடிந்திருக்கும். ஸ்டெபிலைசர் வைத்திருந்தும் இடி மழையில் கருவி போய்விட்டது என்று பலர் வருந்தியதன் காரணம் இதுவே. பழி பெரும்பாலும் கருவியைச் செய்தவர் மேல் விழுந்தது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அமெரிக்கரான ஜோசப் சோலா 1930களில் உருவாக்கிய நிலை மின்னழுத்த மின்மாற்றி, இரும்பு உள்ளகத்தின் காந்தச் செறிவைப் பயன்படுத்தி இயங்குவது. அதில் அசையும் உறுப்பு ஏதும் இல்லை. எழுச்சியையும் ஓரளவு அடக்கும். எடை, வெப்பம், உறுமல் ஆகியவற்றால் அது கணினி அறைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் இடம்பெற்ற அளவுக்கு வீட்டு வரவேற்பறையில் இடம்பெறவில்லை.

துத்தநாக ஆக்சைடு வில்லை

பொறி இடைவெளிக்கு ஒரு குறை உண்டு. ஒருமுறை பொறி தோன்றிவிட்டால், எழுச்சி முடிந்த பின்னும் மின்வழங்கலின் மின்னோட்டம் அதே வழியே தொடரக்கூடும். மின்னழுத்தம் கூடும்போது தடையைத் தானே குறைத்துக்கொள்ளும் பொருள் கிடைத்தால் இக்குறை தீரும். 1930 வாக்கில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் சிலிக்கான் கார்பைடு கொண்ட 'தைரைட்' என்ற பொருளை மின்கடத்து வழிகளின் மின்னல் தடுப்பான்களில் பயன்படுத்தியது. அது பெரிய கம்பங்களுக்கு ஏற்றது.

வீட்டுக் கருவிகளுக்கு ஏற்ற பொருள் ஜப்பானில் கிடைத்தது. மட்சுஷிட்டா நிறுவனத்தின் மிச்சியோ மட்சுவோகாவும் அவரது குழுவினரும் 1960களின் பிற்பகுதியில் துத்தநாக ஆக்சைடுத் தூளுடன் பிஸ்மத் முதலிய சில ஆக்சைடுகளைச் சிறிதளவு சேர்த்துச் சுட்டுப் பார்த்தனர். கிடைத்த பீங்கான் வில்லை குறிப்பிட்ட மின்னழுத்தம் வரை காப்புப் பொருளாகவும், அதைத் தாண்டியதும் கடத்தியாகவும் நடந்துகொண்டது. துத்தநாக ஆக்சைடு மணிகளின் விளிம்புகளில் உண்டாகும் மெல்லிய தடைகளே இதற்குக் காரணம். 1970களில் இது உலகெங்கும் பரவியது. 'எம்ஓவி' என்ற பெயரில் மின்னணுக் கடைகளில் கிடைக்கும், பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் சிறு வில்லை இதுதான்.

230 வோல்ட் மின்சாரத்தில் 275 வோல்ட் எனக் குறிக்கப்பட்ட வில்லை பரவலாகப் பயன்படுகிறது. 20 மி.மீ. விட்டமுள்ள அத்தகைய வில்லை, 100 ஆம்பியர் எழுச்சி மின்னோட்டத்தின்போது மின்னழுத்தத்தைச் சுமார் 700 வோல்ட்டில் பிடித்து நிறுத்தும். சில ஆயிரம் ஆம்பியர் எழுச்சியை ஒருமுறை தாங்கும்.

இந்த வில்லைக்கும் ஆயுள் உண்டு. ஒவ்வொரு பெரிய எழுச்சியும் அதைச் சிறிது சிறிதாகத் தளர்த்தும். தளர்ந்த வில்லையில் வழக்கமான மின்னழுத்தத்திலேயே சிறு கசிவு தொடங்கும். கசிவால் சூடு, சூட்டால் மேலும் கசிவு என்று வளர்ந்து தீப்பற்றவும் கூடும். நியூட்ரல் துண்டிப்பில் 400 வோல்ட்டை நெருங்கும்போது புத்தம் புதிய வில்லைக்கும் இதே நிலைதான். மைக்ரோ நொடிகளுக்காகச் செய்யப்பட்ட பொருளை நிமிடக் கணக்கில் வேலை வாங்கினால் அது தாங்காது.

தரக்கட்டுப்பாடுகளின் வருகை

வீடுகளில் எழுச்சிகள் எவ்வளவு பெரியவை என்பதை அறியும் ஆய்வுகள் அமெரிக்காவில் 1960களில் நடந்தன. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திலும் பின்னர் அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்திலும் பணியாற்றிய பிரான்சுவா மார்ட்ஸ்லோஃப் இத்துறையில் முதன்மையானவர். 1980 இல் அங்குள்ள மின் பொறியாளர் கழகம் வெளியிட்ட வழிகாட்டி, வீட்டு உட்சுற்றுகளில் எழுச்சி சுமார் 6000 வோல்ட்டைத் தாண்டாது என்று கொண்டது. அதற்கு மேல் போனால் சாக்கெட்டுகளின் உள்ளேயே பொறி பறந்துவிடும் என்பது காரணம்.

1985 இல் அமெரிக்காவில் காப்பான்களுக்கான யூஎல் 1449 தரம் வந்தது. வில்லைகள் தீப்பற்றிய நிகழ்வுகளின் அனுபவத்தால், 1990களின் பிற்பகுதியில் வந்த இரண்டாம் பதிப்பு, பழுதடையும் வில்லை பாதுகாப்பாகத் துண்டிக்கப்பட வேண்டும் என்பதற்கான சோதனைகளைக் கடுமையாக்கியது. பன்னாட்டு அளவில் ஐஇசி 61643 வரிசை காப்பான்களை வகை 1, வகை 2, வகை 3 எனப் பிரித்தது. வகை 1 நேரடி மின்னல் தாக்கத்தை எதிர்பார்க்கும் கட்டடங்களுக்கு. வகை 2 வீட்டின் மெயின் போர்டுக்கு. வகை 3 கருவியின் அருகே வைப்பதற்கு. இந்தியாவில் எர்த் அமைப்பதற்கான ஐஎஸ் 3043 வழிகாட்டி 1966 இல் வெளிவந்து, 1987 இலும் 2018 இலும் திருத்தப்பட்டது.

இவற்றோடு பன்னாட்டுத் தரம் கருவிகளின் தாங்குதிறனையும் வரையறுத்தது. 230 வோல்ட் வழங்கலில் பிளக்கில் இணையும் வீட்டுக் கருவிகளுக்கு 2500 வோல்ட், மென்மையான மின்னணுக் கருவிகளுக்கு 1500 வோல்ட் என்பது அந்த அளவு. காப்பான் கடந்துபோக விடும் மின்னழுத்தம் இதற்குக் கீழே இருக்க வேண்டும் என்பதே தேர்வின் அடிப்படைக் கணக்கு.

பல கம்பிகள் கொண்ட ஒலிக்கருவி

மின்விசிறிக்கோ இஸ்திரிப் பெட்டிக்கோ ஒரே கம்பி. ஒலிக்கருவிக்கு அப்படி இல்லை. 1990களில் கேபிள் தொலைக்காட்சி வந்தது. பின்னர் டிஷ் ஆண்டெனா, செட்டாப் பாக்ஸ், இணையக் கம்பி ஆகியவை சேர்ந்தன. ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர் இவை அனைத்தும் சந்திக்கும் இடம் ஆனது.

தெருக் கம்பங்களிலும் பக்கத்து வீட்டு மாடிகளிலும் ஓடி வரும் கேபிளின் உறைக்கம்பி பெரும்பாலும் நம் வீட்டு எர்த்தோடு இணைக்கப்படுவதில்லை. அருகில் மின்னல் விழும்போது கேபிள் ஒரு மின்னழுத்தத்திலும் மின்சாரக் கம்பி வேறொரு மின்னழுத்தத்திலும் இருக்கும். இரண்டும் ஒன்றாகும் இடம் ஆம்ப்ளிஃபயரின் உட்புறமே. பிளக் பக்கம் நல்ல காப்பான் இருந்தும் எச்டிஎம்ஐ இணைப்பு மட்டும் கருகிப்போவது இதனால்தான். மார்ட்ஸ்லோஃப் இதைப் பல கட்டுரைகளில் வலியுறுத்தினார். மின்கம்பியும் சமிக்ஞைக் கம்பிகளும் ஒரே காப்பானின் வழியாகச் சென்று ஒரே எர்த்தைப் பகிர வேண்டும் என்பது அவர் தந்த தீர்வு. 2001 இல் அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் பொதுமக்களுக்காக வெளியிட்ட சிறு கையேடும் இதையே எளிய முறையில் விளக்கியது.

ஒலி ஆர்வலர்களிடம் மட்டும் காணப்படும் இன்னொரு பழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். இரண்டு கருவிகள் இரண்டு வெவ்வேறு வழிகளில் எர்த்தை அடைந்தால், அந்த வளையத்தில் சிறு மின்னோட்டம் ஓடி ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கேட்கும். இதைப் போக்க எர்த் பின்னை வெட்டுவதும், இரண்டு பின் அடாப்டரைச் செருகுவதும் நெடுநாளாகப் பரவிய வழக்கம். இரைச்சல் நிற்கும். அதோடு காப்பானின் வடிகாலும் அடைபடும். உட்பழுது ஏற்பட்டால் உலோகப் பெட்டியே மின்சாரம் பாய்ந்து உயிரைப் பறிக்கும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது, அது முதலில் இணைந்து கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காகவே. எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையில் இணைப்பதும், கேபிள் வழியிலோ ஒலிக் கம்பியிலோ தனிமைப்படுத்தும் மின்மாற்றி வைப்பதுமே இரைச்சலுக்கான முறையான தீர்வுகள்.

வில்லைகள் எழுச்சியை எர்த் கம்பிக்குத் தள்ளுவதால், அதே எர்த்தைப் பகிரும் ஒலிக் கம்பிகளில் அது நுழையலாம் என்ற குறை 1980களின் இறுதி முதல் பேசப்பட்டது. அதன் விளைவாகத் தொடர் வகைக் காப்பான்கள் சந்தைக்கு வந்தன. மின்வழியில் ஒரு பெரிய சுருளைத் தொடராக வைத்து எழுச்சியைத் தாமதப்படுத்தி, மின்தேக்கிகளில் சேமித்து மெதுவாக விடுவிப்பது இவற்றின் முறை. இவை எர்த்துக்குச் சுமை தருவதில்லை. ஒலிப்பதிவுக் கூடங்களில் மதிக்கப்படுகின்றன. எடையும் விலையும் மிகுதி. கேபிள் வழியே வரும் எழுச்சிக்கு இவையும் விடை அல்ல.

தேர்ந்தெடுக்கும் முறை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து ஒரு வரிசைமுறை கிடைக்கிறது.

முதலில் எர்த். வீட்டு எர்த் குழியும், அங்கிருந்து சாக்கெட் வரையிலான கம்பியும் உண்மையில் இணைந்துள்ளனவா என்பதைத் தகுதி பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு கருவி மூலம் அளந்து பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட்டின் எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாமல் இருப்பது உண்டு. அத்தகைய சாக்கெட்டில் எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பைக் கார்டும் அரைகுறையாகவே வேலை செய்யும்.

அடுத்து மெயின் போர்டில் வகை 2 காப்பான். தொடர்ந்து தாங்கும் மின்னழுத்தம் 275 வோல்ட் அல்லது 320 வோல்ட் என அதில் குறிக்கப்பட்டிருக்கும். இரவில் மின்னழுத்தம் ஏறும் ஊர்களில் 320 வோல்ட் உடையதே நீடித்து உழைக்கும். கடந்துபோக விடும் மின்னழுத்தம் 1500 வோல்ட்டுக்கு மிகாமல் இருப்பது நல்லது. காப்பானை இணைக்கும் கம்பிகளின் மொத்த நீளம் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் கம்பியின் தூண்டல் ஏறத்தாழ ஒரு மைக்ரோ ஹென்றி. 3000 ஆம்பியர் எழுச்சி 8 மைக்ரோ நொடியில் ஏறினால், அந்த ஒரு மீட்டரே 350 வோல்ட்டுக்கு மேல் கூடுதலாகச் சேர்த்துவிடும்.

மூன்றாவதாக, மெயின் போர்டுக்கும் ஒலிக்கருவிக்கும் இடையே கம்பி நீளம் 10 மீட்டரைத் தாண்டினால் கருவியருகே வகை 3 காப்பான். கடைகளில் ஸ்பைக் கார்டு என விற்கப்படும் எல்லாப் பலகைகளிலும் காப்பு இருப்பதில்லை. சிலவற்றில் ஒரு சுவிட்சும் சிவப்பு விளக்கும் மட்டுமே உண்டு. பேஸ், நியூட்ரல், எர்த் ஆகிய மூன்றுக்கும் இடையே காப்பு, சூட்டில் துண்டிக்கும் பியூஸ், காப்பு வேலை செய்கிறதா எனக் காட்டும் விளக்கு ஆகியவற்றைப் பார்த்து வாங்க வேண்டும். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட ஜூல் எண்ணை மட்டும் நம்புவது போதாது. பல வில்லைகளின் கூட்டுத்தொகையையே அந்த எண்ணாகக் காட்டுவதுண்டு. அமெரிக்காவில் 120 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்ட காப்புப் பலகையை உறவினர் கொண்டுவந்து கொடுத்தாலும் இங்கே பயன்படுத்தக் கூடாது. அதன் வில்லைகள் நம் மின்சாரத்தின் ஒவ்வொரு அலையிலும் கடத்தத் தொடங்கிக் கருகிவிடும்.

நான்காவதாக, நியூட்ரல் துண்டிப்புக்கும் உயர் மின்னழுத்தத்துக்கும் அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனிக் கருவி. மின்கசிவுக்கான டிரிப்பர் உயிர் காக்கும் கருவி. எழுச்சியைத் தடுப்பது அதன் வேலை அல்ல. ஸ்டெபிலைசருக்கும் அதன் வேலை தனி.

ஐந்தாவதாக, கேபிள், ஆண்டெனா, இணையக் கம்பி ஆகியவற்றுக்கும் காப்பு. அவை வீட்டிற்குள் நுழையும் இடம் மெயின் போர்டுக்கு அருகில் இருப்பதும், அவற்றின் காப்பான்கள் அதே எர்த்தில் சேர்வதும் சிறப்பு.

நேரடி மின்னலை எந்தப் பலகையும் தாங்காது. கோடை மழைக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் உரிய இடி நாட்களில், வானம் இருட்டும்போதே பிளக்கையும் மற்ற எல்லாக் கம்பிகளையும் கழற்றுவதே முழுமையான காப்பு. சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. வீட்டுச் சுவிட்சு ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கிறது. அதன் உள்ளிருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளியைப் பெரிய எழுச்சி தாண்டிவிடும். இடி தொடங்கிய பின் கம்பிகளைத் தொடவும் கூடாது.

மதிப்பீடு

ஏரியல் சுவிட்சைத் தள்ளிய கைக்குத் துத்தநாக ஆக்சைடும் மைக்ரோ நொடியும் தெரியாது. ஆனால் வீட்டிற்குள் வரும் ஒவ்வொரு கம்பியும் எங்கே போகிறது என்பது தெரிந்திருந்தது. கருவிகள் சிறுத்துக் கம்பிகள் பெருகிய காலத்தில் அந்த அறிவு மங்கியது. ஒலிக்கருவிக்குக் காப்பான் வாங்கச் செல்பவர் கடைக்குப் போகும் முன், தம் வீட்டு எர்த் குழி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்ல தொடக்கம். கருவியோடு வீட்டாரையும் காப்பது அந்தக் குழிதான்.